சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு ஒரு குளிர்கால ஸ்பானிஷ் பயிற்சி: தேதி குறிப்பதிலிருந்து திரும்பி வருவது வரை

மூன்று நான்கு வாரம் ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கி, காலையில் வகுப்பு, மாலையில் ஊர் என்று மொழி படிக்கும் குறுகியகாலப் பயிற்சிக்கான வழிகாட்டி இது. சென்னையிலிருந்து புறப்படுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது மொழியில் அல்ல, வரிசையில்தான். மலிவாகக் கிடைத்தது என்று டிக்கெட்டை முதலில் வாங்குகிறார்கள், பள்ளியைக் கடைசியில் தேடுகிறார்கள், மொழியை அங்கே போய்த் தொடங்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒரு காகிதத்தையோ முடிவையோ தருகிறது.

1. தேதி

ஸ்பெயினில் டிசம்பர் 6, 8, 25, ஜனவரி 1, 6 எல்லாம் பொது விடுமுறை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொடங்கி மூன்று அரசர்கள் திருநாளான ஜனவரி 6 வரை பல மொழிப்பள்ளிகள் மூடியிருக்கும். திறந்திருந்தாலும் வகுப்புகள் குறைவு. ஐ.டி. கம்பெனிகளில் வருடக் கடைசியில் லீவு சுலபமாகக் கிடைக்கிறது என்று டிசம்பர் 22க்குக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பூட்டிய பள்ளிக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்பார்கள்.

ஜனவரி 6க்குப் பிந்தைய முதல் திங்கட்கிழமை நல்ல தொடக்கம். குழு வகுப்புகள் திங்களன்றுதான் தொடங்கும். ஆனால் ஒரு எழுத்தும் தெரியாத புதியவர்களை எல்லாத் திங்களும் சேர்ப்பதில்லை. அதற்கென்று குறித்த தேதிகள் உண்டு. பள்ளியின் கால அட்டவணையில் 'தொடக்கநிலை' என்ற வரியைத் தனியாகப் பாருங்கள்.

பொங்கல் நடுவில் வரும். வீட்டில் அதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு போகலாம் என்று தள்ளினால் கல்லூரி மாணவர்களுக்கு செமஸ்டர் விடுமுறை தீர்ந்துவிடும்.

எத்தனை வாரம்? இரண்டுக்குக் குறைந்தால் வேண்டாம். முதல் வாரம் காது பழகுவதிலேயே போய்விடும். மூன்று அல்லது நான்கு சரியான அளவு. அதற்குள் ஒரு முழு நிலை ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தெரிந்ததைத் தயங்காமல் பேச வந்தால் அதுவே நல்ல விளைவு.

2. ஊர்

மாட்ரிட், பார்சிலோனா இரண்டையும் முதல் பயிற்சிக்குப் பரிந்துரைப்பதில்லை. பெருநகரக் கடைக்காரர் உங்கள் தடுமாற்றத்தைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பார்சிலோனாவில் கூடவே கத்தலான் மொழியும் பலகைகளிலும் பேச்சிலும் கலந்து வரும்.

சலமாங்கா: உச்சரிப்பு தெளிவு, மாணவர்கள் நிறைந்த ஊர், எங்கும் நடந்தே போகலாம். ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

செவில்லா, மாலகா: பகலில் 16, 17 டிகிரி, வெயிலும் உண்டு. அதை நம்பிச் சென்னைக்காரர்கள் அங்கே போகிறார்கள். இரண்டு விஷயம் தெரிந்து போங்கள். ஒன்று, இந்த இரண்டு ஊரும் இருக்கும் தென்பகுதியான ஆந்தலூசியாவில் சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் விழுந்துவிடும், பேச்சும் வேகம். முதல் வாரம் வகுப்பில் கேட்டது ஒன்றாகவும் தெருவில் கேட்பது வேறாகவும் இருக்கும். இரண்டு, வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. தளம் கல், சூடாக்கி குறைவு. வெளியே வெயிலடிக்கும்போது வீட்டுக்குள் விறைக்கும். பல வீடுகளில் வட்ட மேசைக்கு அடியில் ஒரு சிறு சூடாக்கியை வைத்து, தரைவரை தொங்கும் கனத்த துணியைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்த மேசையில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டால் பேச்சுப் பயிற்சிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஸ்பெயினுக்கு வெளியே, ஸ்பானிஷ் பேசும் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்ற முறை இருக்கிறது, பயிற்சி அருமையானது. ஆனால் அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அமெரிக்க விசா வேண்டும். மூன்று வாரத்துக்கு அவ்வளவு பயணம் ஒத்துவராது.

3. பள்ளி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். பிறகு கீழே உள்ளவற்றை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

'வாரம் 20 பாடம்' என்றால் ஒரு பாடம் எத்தனை நிமிடம்? 45 நிமிடம் என்றால் வாரம் 15 மணி நேரம். 55 நிமிடம் என்றால் 18 மணி 20 நிமிடம். மலிவாகத் தெரியும் பள்ளி பல நேரம் இந்தக் கணக்கில்தான் மலிவு.

என் நிலையில் ஒன்றிரண்டு பேர்தான் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? ஜனவரி கூட்டம் குறைந்த மாதம். ஆள் குறைந்தால் பாட நேரத்தைக் குறைப்போம் என்று பல பள்ளிகளின் விதிமுறையில் இருக்கும். குறைந்த நேரத்தில் தனி வகுப்பு கிடைப்பது சில சமயம் லாபம், சில சமயம் நஷ்டம். முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும்? பதிவுக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

நிலை கண்டறியும் இணையத் தேர்வு ஒன்று அனுப்புவார்கள். அகராதியும் மொழிபெயர்ப்புச் செயலியும் இல்லாமல் எழுதுங்கள். நம்மவர்களுக்கு எழுத்துத் தேர்வு கைவந்த கலை. இலக்கணத்தில் பி1 (இடைநிலை) வந்துவிடும், வாயைத் திறந்தால் ஏ1 (தொடக்கநிலை). அந்த வகுப்பில் போய் மூன்று வாரம் ஊமையாக உட்கார வேண்டியதுதான். பத்து நிமிட வாய்மொழித் தேர்வும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. தங்குமிடம்

குடும்பத்தோடு தங்குவதையே எடுங்கள். மாணவர் விடுதியில் சமையலறை மொழி ஆங்கிலமாகிவிடும். நண்பர்கள் இருவர் சேர்ந்து போனால் வேறு வேறு வீடு கேளுங்கள். ஒரே வீட்டில் இருந்தால் இரவுச் சாப்பாட்டில் தமிழ்தான் ஓடும்.

விண்ணப்பத்தில் சைவம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதாது. 'சைவம்' என்று சொன்னால் சூரை மீன் போட்ட சாலட்டோ பன்றித் துண்டு மிதக்கும் பருப்போ வரலாம். அதெல்லாம் அங்கே பலருக்கு இறைச்சிக் கணக்கில் வராது. எனவே பிரித்துச் சொல்லுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை) இல்லை, இறைச்சி வேகவைத்த சாறும் இல்லை. முட்டை சாப்பிடுவீர்களா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அங்கே அடிக்கடி வரும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தொர்த்தியா முட்டை இல்லாமல் கிடையாது. முட்டையும் வேண்டாம் என்பவர்கள் சமையலறையைப் பயன்படுத்த அனுமதி உள்ள வீட்டைக் கேட்பதே நல்லது.

அறையில் சூடாக்கி உண்டா, பள்ளிக்கு நடந்து எத்தனை நிமிடம் என்பதையும் கேளுங்கள்.

5. பெயர், காகிதம், விசா

முதலில் பெயர். இனிஷியல் பழக்கத்தால் நமக்கென்றே வரும் தொல்லை இது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், கல்லூரிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கும், வங்கிக் கணக்கில் பின்னால் ஒட்டியிருக்கும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. பள்ளிக் கடிதம், காப்பீடு, விமான முன்பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் எழுதுங்கள். வங்கி அறிக்கையில் வேறு மாதிரி இருந்தால் விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அங்கே போனதும் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

90 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு ஷெங்கன் (ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகியகால விசா போதும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவுக்குப் பொதுவாக 15 நாள் ஆகும், 45 நாள்வரை நீளவும் விதியில் இடமுண்டு. ஸ்பெயினுக்கான விண்ணப்ப மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஜனவரிப் பயணத்துக்கு அக்டோபரில் நேரம் வாங்கிவிடுங்கள். நவம்பரில் கிறிஸ்துமஸ் சுற்றுலாக் கூட்டம் சேர்ந்தால் நேரம் கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். தேதியும் வாராந்திர மணிநேரமும் குறித்த பள்ளியின் சேர்க்கைக் கடிதம், பணம் கட்டிய ரசீது, தங்குமிட உறுதிக் கடிதம், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, விமான முன்பதிவு, வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு. வேலையில் இருப்பவர்கள் லீவு அனுமதிக் கடிதம், மாணவர்கள் கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், அப்பாவோ அம்மாவோ செலவை ஏற்பதாகக் கடிதம்.

பணம் எவ்வளவு காட்டுவது? ஸ்பெயின் இதைக் குறைந்தபட்ச ஊதியத்தோடு இணைத்து வைத்திருக்கிறது. 2025 கணக்கில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 118.40 யூரோ, ஆண்டுதோறும் மாறும். நான்கு வாரத்துக்கு 3,315 யூரோ ஆகிறது. விண்ணப்பிக்கும் முந்தின வாரம் சித்தப்பாவிடம் வாங்கி மொத்தமாகப் போடுகிற பணம் கணக்கைக் காப்பாற்றாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். அவரே செலவை ஏற்கிறார் என்றால் அவர் கணக்கையும் கடிதத்தையும் வையுங்கள்.

வகுப்பு முடிந்து பாரிஸ், ரோம் சுற்றுவதாக இருந்தால் ஸ்பெயின் நாட்களே அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் வேறு நாட்டுக்குப் போட வேண்டியிருக்கும். ஒருமுறை நுழைவு விசாவோடு ஸ்பெயினின் தென்கோடித் துறைமுகமான தரீஃபாவிலிருந்து படகேறி மொராக்கோ பார்க்கப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. வார இறுதித் திட்டத்தில் அது இருந்தால் பலமுறை நுழைவு கேளுங்கள்.

6. பணமும் டிக்கெட்டும்

பள்ளிக்கு வங்கி வழியாக அனுப்பும்போது இடைவங்கிக் கட்டணம் முழுவதையும் நீங்களே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வழியில் பிடித்தம் போய்ப் பள்ளிக்குச் சில யூரோ குறைவாகச் சேரும், 'முழுத்தொகை வரவில்லை' என்று சேர்க்கைக் கடிதம் நிற்கும். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்வரை அனுப்பினால் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை. இந்தப் பயிற்சி அந்த எல்லையைத் தொடாது.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது விசா கைக்கு வந்த பிறகுதான். விண்ணப்பத்துக்கு முன்பதிவு போதும். சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரங்கள் வழியாகவோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ போக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் என்றால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். பள்ளிக் கடிதமும் காப்பீடும் கைப்பையில் இருக்கட்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுப்பதால் வரிசை நீளும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தங்குமிடம் பெரும்பாலும் ஞாயிறு முதல் சனி வரை. நம் விமானங்கள் விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் கிளம்புபவை. டிக்கெட்டில் ஞாயிறு 3.50 என்றிருந்தால் சனி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு நாள் குழப்பத்தில் விமானத்தை விட்டவர்கள் உண்டு.

மாட்ரிடில் இறங்கிச் சலமாங்கா போக சமார்த்தீன் நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது; விமான நிலையத்திலிருந்தே பேருந்தும் உண்டு. செவில்லாவுக்கு அத்தோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்.

7. கிளம்பும் முன் சென்னையில் பத்து வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எண், கிழமை, 'இது என்ன விலை' எல்லாவற்றையும் அங்கே யூரோ கொடுத்துக் கற்பது வீண் செலவு. தினம் ஒரு மணி நேரம், பத்து வாரம். ஆயிரம் வரை எண்கள், மணி சொல்லுதல், ஒழுங்கான வினைகளின் நிகழ்காலம், செர், எஸ்தார் (இரண்டுமே 'இரு'), தெனேர் (வைத்திரு), இர் (போ), அசேர் (செய்), கெரேர் (விரும்பு), போதேர் (முடியும்) ஆகிய ஏழு வினைகள், ஐந்நூறு சொற்கள். இவ்வளவு இருந்தால் முதல் நாளே இரவுச் சாப்பாட்டில் வாய் திறக்கலாம்.

ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழ் பல இடங்களில் நேராகப் பொருந்துகிறது.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். 'மெ குஸ்தா எல் கஃபே' அதே அமைப்பு. 'எனக்குத் தலை வலிக்கிறது', 'மெ துவேலெ லா கபேசா' அதுவும் அப்படியே. ஆங்கிலத்திலிருந்து போகிறவர்கள்தான் 'யோ (நான்) குஸ்தோ' என்று தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

'போகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. அதே பொருளுள்ள 'வொய்' என்றாலும் அப்படித்தான். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' போடுவதை நிறுத்துங்கள்.

'புத்தகம் வாங்கினேன்' என்போம், 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். 'அம்மாவைப் பார்த்தேன்' என்போம். ஸ்பானிஷிலும் செயப்படுபொருள் மனிதர் என்றால் முன்னால் 'ஆ' வரும். அந்த 'ஐ' காதில் கேட்கிற இடத்தில் 'ஆ' போடுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

செர், எஸ்தார் இரண்டும் பாதிதான் பொருந்தும். 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் நிற்பது செர். 'வீட்டில் இருக்கிறார்', 'சூடாக இருக்கிறது' என்பவை எஸ்தார். ஆனால் 'உயரமாக இருக்கிறார்' என்பதில் 'இரு' வந்தாலும் செர்தான், ஏனென்றால் உயரம் மாறுகிற நிலை அல்ல.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது நான்கு. அவர்களுடைய 'த' நம் 'தலை'யில் வரும் பல்லொலி, ஆங்கிலப் பழக்கத்தில் வரும் 'ட' அல்ல. உயிரொலிகளுக்கு நடுவில் வரும் 'd' நம் 'அது'வில் வருவதுபோல மென்மையாக ஒலிக்கும். 'நாதா', 'தோதோ' நமக்குச் சுலபம். 'ஞ' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உண்மையான ஆபத்து ப-வும் அதன் மெல்லொலியும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று என்பதால் குறிப்பேட்டில் 'பேசோ' என்று எழுதிவைத்தால் அது எடையா முத்தமா தெரியாது. சந்தையில் எடை கேட்கப் போய் முத்தம் கேட்டு நிற்பார்கள். குறிப்பேட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தைப் பக்கத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'பெரோ'வில் ஒற்றை ர இருந்தால் 'ஆனால்', நாக்கு உருள இரட்டை ர இருந்தால் 'நாய்'. தினம் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

8. பெட்டி

தடித்த கோட்டு இங்கே வாங்க வேண்டாம். ஸ்பெயினில் ஜனவரி 7 வாக்கில் பெரும் தள்ளுபடி விற்பனை தொடங்கும், அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து இரண்டு ஜோடி தெர்மல் உள்ளாடை, நீர் புகாத ஷூ, வீட்டுக்குள் போட அடி கனமான செருப்பு. கல் தளத்தில் வெறும் காலோடு நடந்தால் முதல் வாரமே ஜலதோஷம்.

நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஊறுகாய் போதும். தேங்காய் எண்ணெய் அறையில் கட்டியாகிவிடும். வாய் அகன்ற டப்பாவில் எடுங்கள். மின்சாரம் நம்முடைய அளவுதான், 230 வோல்ட். ஆனால் மூன்று முள் பிளக் பொருந்தாது.

9. முதல் மூன்று நாள்

திங்கள் வகுப்பு புரியவேயில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள். புதன் வரை பாதிக்கும் கீழேதான் புரிகிறது என்றால், அல்லது எல்லாமே தெரிந்ததாக இருந்தால், அன்றே அலுவலகத்தில் நிலை மாற்றக் கேளுங்கள். மரியாதைக்குப் பேசாமல் இருந்து வெள்ளிக்கிழமை சொல்கிறவர்களுக்கு மாற்றம் அடுத்த வாரம்தான். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வீட்டுக்கார அம்மாவிடம் முதலில் 'உஸ்தெத்' என்று நீங்கள் போட்டே பேசுங்கள். 'து' (நீ) என்று கூப்பிடச் சொல்வார், பெரும்பாலும் முதல் நாளே. சொன்ன பிறகும் தயங்க வேண்டாம், அங்கே அது குறைவான மரியாதை அல்ல. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவு ஒன்பதுக்கு மேல். எட்டு மணிக்கே பசிக்கிற நமக்கு மாலை ஆறு மணிக்கு ஏதாவது வயிற்றில் போட்டாக வேண்டும். அசதியில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுத் தூங்கினால் நாளின் மிக நீண்ட உரையாடல் போய்விடும்.

10. வகுப்புக்கு வெளியே

காலை வகுப்பு மூன்று நான்கு மணி நேரம். மீதி பத்து மணி நேரம் எந்த மொழியில் போகிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

தினம் ஒரே கடை, ஒரே நேரம். முதல் நாள் காபி மட்டும் கேட்பீர்கள். நான்காம் நாள் கடைக்காரரே ஊர் எது என்று கேட்பார். பல கடைகளுக்குப் போனால் அதே முதல் நாள் உரையாடல்தான் திரும்பத் திரும்ப.

சந்தைக்குப் போங்கள். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள். வந்தவுடன் 'கியேன் எஸ் எல் உல்தீமோ' என்று பொதுவாகக் கேட்க வேண்டும், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கையை உயர்த்துவார், அவருக்குப் பின்னால் நீங்கள். கேட்காமல் நின்றால் உங்கள் முறை வரவே வராது. அடுத்து வருகிறவர் கேட்கும்போது கை உயர்த்துவது உங்கள் வேலை. பாடப்புத்தகத்தில் இல்லாத நல்ல பயிற்சி இது.

எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினால் 'போதேமோஸ் செகீர் என் எஸ்பாஞோல்' (ஸ்பானிஷிலேயே தொடரலாமா) என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத் திரும்பிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தைக் கட்டுங்கள். குளிர்காலத்தில் சென்னை நாலரை மணி நேரம் முன்னால். மதியம் மூன்றரைக்குப் பேசினால் சென்னையில் இரவு எட்டு. இருபது நிமிடம், அத்தோடு சரி. குடும்ப வாட்ஸப் குழுவை மௌனத்தில் போடுங்கள். சீரியலும் கிரிக்கெட்டும் மூன்று வாரம் காத்திருக்கும்.

11. தேர்வும் திரும்பிய பிறகும்

இந்தப் பயிற்சியின் முடிவிலேயே ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான தேலே தேர்வு எழுத நினைக்க வேண்டாம். அதற்குக் குறித்த தேதிகளும் முன்பதிவும் உண்டு. சான்று அவசரமாக வேண்டும் என்றால் கணினி வழி சியேலே தேர்வு இருக்கிறது, அதன் மதிப்பு ஐந்து ஆண்டு. தேலே சான்றுக்குக் காலாவதி கிடையாது.

கடைசி வெள்ளிக்கு முன்பே, மொத்த மணிநேரம் குறித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அங்கேயே உங்கள் ஆசிரியரிடமோ உரையாடல் கூட்டாளியிடமோ வாரம் ஒருமுறை இணையத்தில் பேச நேரம் பேசி முடியுங்கள். ஊர் திரும்பிப் பேசிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. அவர்களுக்கு மாலை நான்கு என்றால் நமக்கு இரவு எட்டரை. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதன் பிறகு அதே வகுப்பு நமக்கு ஏழரைக்கே தொடங்கிவிடும்.